தாலியம் இல்லாத தாலியம் டெஸ்ட்

சுவாமிமலைக் கோயிலுக்கு அறுபது படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பேர். நான் பிறந்தது பராபவ வருஷம், அது நாற்பதாவது படி. கும்பகோணத்திலேயே பிறந்து வளர்ந்ததால் கிருத்திகைக்குப் போவது சின்ன வயதுப் பழக்கம். பராபவ படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே ஒரு நிமிஷம் உட்காருவேன். போன ஆடிக் கிருத்திகையன்று மகள்தான் கவனித்தாள். "அம்மா, நீ இப்பல்லாம் சார்வரியிலேயே உக்காந்துடறே." ஆறு படி முன்னாலேயே உட்கார ஆரம்பித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பே நிறைய நடந்திருந்தது. நான் அறிவியல் ஆசிரியை. இரண்டாவது மாடியில் இருந்த பத்தாம் வகுப்பை, முட்டி வலி என்று சொல்லிக் கீழ்த்தளத்துக்கு மாற்றி வாங்கியிருந்தேன். மார்க்கெட்டுக்கு நடந்து போவதை விட்டு ஆட்டோ பிடிக்கத் தொடங்கியிருந்தேன். நெஞ்சு வலி என்று ஒரு நாள்கூட வந்ததில்லை. வேகமாக நடந்தால் தாடைக்குக் கீழே ஒரு கனம், முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி. நின்றால் போய்விடும். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். 58 வயது, 12 வருஷ சர்க்கரை. வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன். நமக்கென்று வரும்போது எல்லாமே வாயுதான்.

எங்கள் ஊர் டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். நார்மல். எக்கோ எடுத்தார். நார்மல். "பாத்தியா, வாயுதான்" என்று நான் எழுந்துவிட்டேன். அவர் விடவில்லை. "உக்காந்திருக்கும்போது வலிக்குதா? இல்லைல்ல. அப்ப உக்காந்திருக்கற இதயத்தைப் படம் எடுத்து என்ன பண்ண?" என்றார். ட்ரெட்மில் டெஸ்டுக்கு அனுப்பினார்.

ட்ரெட்மில்லில் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்துக்கு நாடித் துடிப்பு போனால்தான் டெஸ்ட் முழுமை. எனக்கு 138 வரை போகவேண்டும். நாலாவது நிமிஷத்தில் 118 இருக்கும்போதே முட்டி கத்தியது, இறங்கிவிட்டேன். 'முடிவு சொல்ல இயலாது' என்று எழுதிக் கொடுத்தார்கள். நடக்க முடியாதவர்கள் கௌரவத்துக்காக ட்ரெட்மில் ஏறவேண்டாம் என்பது அன்று கற்றது. முட்டி வலியை முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் ஒரு நாளும் மிச்சமாகியிருக்கும்.

அடுத்துத்தான் தாலியம் டெஸ்ட். இதயத் தசைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று படம் எடுத்துப் பார்ப்பது. வீட்டில் இந்தப் பேரைச் சொன்னதும் மாமியார் பதறிப்போய், "தாலிக்கு எதுக்குடி டெஸ்டு?" என்றார். அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் தாலிக்கும் இந்த டெஸ்டுக்கும் சம்பந்தம் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். தாலியத்துக்குத்தான் சம்பந்தமே இல்லை. தாலியம் 201 என்ற கதிரியக்கத் தனிமத்தை 1970-களில் இருந்து இதயத்துக்குப் பயன்படுத்தினார்கள். இதயத் தசை அதைப் பொட்டாசியம் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 73 மணி. உடம்புக்குள் அத்தனை நாள் தங்குவதும், அதன் கதிர்கள் கேமராவுக்கு மங்கலாகத் தெரிவதும் தொல்லை. 1990-க்குப் பிறகு டெக்னீசியம் கலந்த மருந்து வந்து அதை ஓரம்கட்டிவிட்டது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எத்தனை கம்பெனி வந்தபிறகும் எல்லா வனஸ்பதியும் டால்டாதானே.

எனக்குப் போட்டதும் டெக்னீசியம்தான். 1937-இல் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் செக்ரேயும் பெரியரும் கண்டுபிடித்தது, மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். தனிம வரிசை அட்டவணையில் 43-ஆம் எண். வருஷாவருஷம் பிள்ளைகளிடம் அந்தக் கட்டத்தைக் காட்டியிருக்கிறேன், அது ஒரு நாள் என் கை நரம்பில் ஏறும் என்று நினைக்கவில்லை.

டாக்டர் விளக்கிய விதம் டெல்டாக்காரிக்கு உடனே புரிந்தது. வாய்க்காலில் நடுவில் மண் மேடிட்டிருக்கிறது. கோடையில் ஒரே ஒரு வயலுக்குத் தண்ணீர் போகும்போது யாருக்கும் அது தெரியாது, இருக்கிற தண்ணீர் போதும். சம்பா நடவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறக்கும்போதுதான் கடைமடை காய்வது தெரியும். இதய ரத்தக்குழாயும் அப்படித்தான். 1974-இல் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு நாய்களிடம் செய்த ஆய்வில், குழாய் 85 சதவீதம் சுருங்கும் வரைக்கும்கூட ஓய்வு நேர ரத்த ஓட்டம் குறையவில்லை என்று கண்டது. ஆனால் முழு வேகத்தில் ஓடச் சொன்னால் பாதி அடைப்பிலேயே தடுமாறத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்திருந்த என் ஈ.சி.ஜி. அவ்வளவு அழகாக இருந்தது. டெக்னீசியம் மருந்தை இரண்டு தடவை ஏற்றுவார்கள். ஓய்வில் ஒரு தடவை, இதயத்தை முடுக்கிவிட்டு ஒரு தடவை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் டெஸ்ட்.

ஓடமுடியாத எனக்கு முடுக்குவது எப்படி? அடினோசின் என்ற மருந்து. அது இதயத்தை ஓட வைப்பதில்லை, ரத்தக்குழாய்களை ஒரேயடியாக விரித்துவிடும், எல்லா மடையையும் ஒரே சமயத்தில் திறந்துவிடுகிற மாதிரி. நல்ல குழாயில் ஓட்டம் மூன்று நான்கு மடங்காகும். அடைப்புள்ள குழாய் ஏற்கெனவே தன்னால் முடிந்தவரை விரிந்துதான் சமாளித்துக்கொண்டிருக்கும், மேலே விரிய இடமில்லை. அந்தப் பகுதி மட்டும் படத்தில் வெளிறித் தெரியும்.

இனி என் முட்டாள்தனம்.

ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். டெஸ்டுக்கு முந்தின 24 மணி நேரம் காபி, டீ கூடாது. கும்பகோணத்துக்காரிக்கு இது தண்டனை. விடியற்காலை ஐந்தரைக்கு முதல் டம்ளர், பள்ளிக்குக் கிளம்பும்முன் இரண்டாவது, மாலையில் மூன்றாவது என்று நாற்பது வருஷமாக ஓடுகிற உடம்பு. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குத் தலை பிளக்க ஆரம்பித்தது. காபி நிறுத்தினால் வருகிற தலைவலி. வீட்டுக்காரர் தெருமுனைக் கடைக்குப் போய், வழக்கமாக அட்டையிலிருந்து இரண்டாக வெட்டிக் கொடுக்கும் தலைவலி மாத்திரையை வாங்கிவந்தார். போட்டேன். அரை மணியில் சுகம்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கார் வைத்துத் திருச்சி. பணம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கட்டியாகிவிட்டது. உள்நோயாளியாகச் சேராத டெஸ்டுக்கு என் பாலிசியில் ஒரு பைசா வராது. நர்ஸ் ஒரு சின்னப் பெண், கேள்வி மேல் கேள்வி கேட்டது. ஆஸ்துமா உண்டா, வீசிங் உண்டா, காபி குடித்தீர்களா, டீ, சாக்லேட், குளிர்பானம்? எல்லாவற்றுக்கும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். "ராத்திரி மாத்திரை ஏதாவது போட்டீங்களாம்மா?" "ஒரு தலைவலி மாத்திரைதான் கண்ணு." பேர் கேட்டது. சொன்னேன். அது உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தது. அந்த மாத்திரையில் காஃபின் இருக்கிறது. காபியை நிறுத்தியதால் வந்த தலைவலி, காபியிலிருக்கிற அதே சரக்கை உள்ளே தள்ளியதால்தான் அவ்வளவு சீக்கிரம் போயிருக்கிறது! அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்ளும், பூட்டுக்குள் வேறு சாவியை விட்டு உடைத்த மாதிரி. மருந்து ஏற்றினாலும் குழாய் சரியாக விரியாது. அடைப்பு இருந்தும் படம் நார்மல் என்று வந்துவிடும். "நீங்க சொல்லாம இருந்திருந்தாதான் ஆபத்து" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். மூன்று நாள் கழித்து வரச்சொன்னார்கள்.

எனக்கு இன்னும் ஒரு வருத்தம் உண்டு. அந்தத் தாளில் 'மாத்திரைகளிலும் காஃபின் இருக்கலாம்' என்று ஒரு வரி, தமிழில் ஒரு வரி, போட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்? காபியை நிறுத்தினால் தலை வலிக்கும், தலை வலித்தால் மாத்திரை தேடுவோம் என்பது நம் ஊரில் தெரியாத விஷயமா? தலை வலித்தால் வெறும் பாராசிட்டமால் போதும், அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுப் போடுங்கள். இன்னும் நல்ல வழி, நான் இரண்டாம் தடவை செய்தது: மூன்று நாளைக்கு முன்பிருந்தே டம்ளரைப் பாதியாக்கி, கால் ஆக்கி, கடைசியில் நிறுத்துவது. தலைவலி எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. 'காஃபின் நீக்கிய' காபியும் வேண்டாம், அதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சர்க்கரைக்காரர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகச்சொன்னால், காலை மாத்திரையும் இன்சுலினும் போடுவதா வேண்டாமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைப் போட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் அங்கே வியர்த்துச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளிலும் சிலதை நிறுத்தச் சொல்வார்கள், சிலதை நிறுத்தக்கூடாது. அதை நாமாக முடிவு பண்ணக்கூடாது. கையில் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுபோங்கள், டெஸ்டுக்கு நடுவில் சாப்பிடச் சொல்வார்கள்.

இரண்டாம் தடவை போனபோது சீக்கிரம் போய்விட்டதால், டெக்னீசியம் எங்கிருந்து வருகிறது என்று டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன். ஆசிரியை என்றதும் உற்சாகமாகிவிட்டது. ஈயக் கவசத்துக்குள் ஒரு குழாய், அதில் மாலிப்டினம் 99. 66 மணி நேர அரை ஆயுட்காலத்தில் அது சிதைந்து சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புத் தண்ணீரை அதன் வழியே விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும், மாலிப்டினம் உள்ளேயே தங்கும். இதைப் 'பால் கறக்கிறது' என்கிறார்கள். அந்தக் குழாய் உள்ள கருவியின் பேர் ஜெனரேட்டர், பட்டப்பேர் 'மாடு'. மறுநாளைக்குள் மடி மறுபடி நிறைந்துவிடும், ஆனால் நாள் போகப்போகப் பால் குறையும். 2009-இல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதாகி நின்றபோது உலகம் முழுக்க மாலிப்டினத்துக்குத் தட்டுப்பாடு வந்ததாம். டெஸ்ட் தேதியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாததற்குக் காரணம் இந்த மாடுதான். கறந்த பாலின் பலம் 6 மணி நேரத்துக்கொரு தடவை பாதியாகிவிடும், அதனால் நம் நேரத்தை வைத்துத்தான் ஊசியையே தயார் செய்கிறார்கள். தாமதமாகப் போகாதீர்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்துவிடுங்கள்.

முதலில் ஓய்வு நிலை ஊசி. வலியே இல்லை. முக்கால் மணி காத்திருக்க வேண்டும். மருந்து இதயத்துக்குப் போவதுபோலக் கல்லீரலுக்கும் போகும், அது பித்தத்தோடு கீழே இறங்கினால்தான் இதயத்தின் அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும். அதற்காகப் பாலும் நிறையத் தண்ணீரும் கொடுத்தார்கள். ஊசி போட்டவர்களுக்கென்று தனிக் கழிப்பறை. கூட வந்தவர்கள் தள்ளி உட்காரவேண்டும். நானும் வீட்டுக்காரரும் முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சண்டையில்லாமல் தனித்தனியே உட்கார்ந்திருந்தோம்.

கேமரா சுரங்கம் இல்லை, பயப்படாதீர்கள். இரண்டு பெரிய தட்டுகள் நெஞ்சைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நகரும். கஷ்டம் வேறு இடத்தில். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் அசையாமல் படுக்கவேண்டும். சர்க்கரைக்காரர்கள் பலரைப்போல எனக்கும் இடது தோள் இறுகிப்போயிருந்தது. பத்தாவது நிமிஷத்தில் கை தானாக நடுங்கியது. படம் கலைந்துவிட்டது, மறுபடி எடுத்தார்கள். இரண்டாவது தடவை தம்பி முழங்கைக்கடியில் தலையணை கொடுத்தது, சுகமாக இருந்தது. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

தாலி விஷயம் இங்கேதான். நெஞ்சுக்கு நேராக உலோகம் இருந்தால் கதிரை மறைக்கும். கழற்றச் சொன்னதும் எனக்கு மனசு வரவில்லை. நான்கைந்து ஊக்கு வேறு கோத்திருந்தேன், எந்தத் தமிழ்ப் பெண் தாலியில் ஊக்கு இல்லை? கடைசியில் ஊக்கையெல்லாம் எடுத்துவிட்டு, கொடியைச் சுருட்டித் தோளுக்கு மேல் ஒதுக்கிவைத்துப் படுத்தேன். மனசு சங்கடப்படுகிறவர்கள் முந்தின நாளே மஞ்சள் கயிறுக்கு மாறிக்கொண்டு போவது உத்தமம்.

பிறகு அடினோசின். இதைப் பற்றி யாரும் உள்ளபடி சொல்வதில்லை, நான் சொல்கிறேன். முதல் நிமிஷத்தில் முகம் கொதித்தது. அடுத்து நெஞ்சில் பாறாங்கல். மூச்சு முட்டி, 'இதோ முடிந்தது நம் கதை' என்று நிச்சயமாகத் தோன்றியது. டாக்டர் பக்கத்திலேயே நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "இப்படித்தான் இருக்கும்மா, நிறுத்தினதும் போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டாவது டெக்னீசியம் ஊசி. ஆறு நிமிஷம். நிறுத்தியதும் ஒரு நிமிஷத்துக்குள் ஸ்விட்ச் போட்டதுபோல எல்லாம் விலகிவிட்டது. ரத்தத்தில் அடினோசினின் அரை ஆயுட்காலம் பத்து விநாடிகூட இல்லை. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், அவர்களுக்கு டோபுடமின் என்று வேறு மருந்து இருக்கிறது. வீசிங் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள்.

மறுபடி காத்திருப்பு, மறுபடி கேமரா. மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்தது. டம்ளர் காபிக்கு முதலில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

வீட்டில் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அன்று ராத்திரி அவளை அவள் நாத்தனார் வீட்டில் தங்கவைத்தோம். ஒரு நாள் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளிடம் நெருங்கி உட்காராமல் இருந்தால் போதும் என்று சொன்னார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குதான். 6 மணி நேரத்தில் பாதி, 12 மணி நேரத்தில் கால், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு, அதற்கு மேல் சிறுநீரில் போவது வேறு. மொத்தக் கதிர்வீச்சு சுமார் 10 மில்லி சீவெர்ட். சும்மா பூமியில் இருப்பதாலேயே வருஷத்துக்கு சராசரி 2.4 கிடைக்கிறது, ஆக நான்கு வருஷத்துக்கான பங்கு ஒரே நாளில். பயப்படும் அளவில்லை. அதற்காக 'மாஸ்டர் செக்கப்' மாதிரி ஒரு தொந்தரவும் இல்லாதவர் ஆசைக்கு எடுத்துப் பார்க்கிற டெஸ்டும் இல்லை.

ரிப்போர்ட்டைப் படத்தோடு கையில் கொடுத்துவிட்டார்கள், டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம். ராத்திரி முழுக்க நெட்டில் தேடித் தேடிச் செத்தேன். படத்தில் இதயம் வரிசை வரிசையாக உளுந்து வடை மாதிரி இருந்தது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் ஆரஞ்சு வளையம். மேல் வரிசை முடுக்கிய நிலை, கீழ் வரிசை ஓய்வு. மேல் வரிசை வடைகளில் கீழ்ப்பக்க ஓரம் கடித்த மாதிரி இருந்தது, கீழ் வரிசையில் முழு வடை. அதுபோக இரண்டு வரிசையிலுமே முன்பக்கம் கொஞ்சம் வெளிறல். அதை நான் 'செத்துப்போன தசை' என்று படித்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் சொன்னது வேறு. இரண்டு வரிசையிலும் மாறாமல் இருந்தால் தழும்பு என்பது பொது விதி. ஆனால் பெண்களுக்கு மார்பகம் கதிரை மறைப்பதால் முன்சுவர் இப்படி வெளிறித் தெரியும். ஆண்களுக்கு உதரவிதானம் கீழ்ச்சுவரை மறைக்கும். துடிக்கும் படத்தில் என் முன்சுவர் நன்றாகவே அசைந்தது, தழும்பு அப்படி அசையாது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 62 சதவீதம், நல்ல எண். நிஜமான சங்கதி அந்தக் கடித்த ஓரம்தான். ஓய்வில் நிறைந்து, வேலை கொடுத்தால் காயும் கடைமடை. அந்தப் பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, தசை உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இந்தப் படம் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது. மூன்று குழாயும் ஒரே அளவு அடைத்திருந்தால் எல்லாப் பக்கமும் சமமாகக் காய்ந்து, படம் நார்மல் போலவே தெரியலாம். எல்லா வயலும் காய்ந்தால் கடைமடை ஏது? அதனால் படம் நார்மல், தொந்தரவு மட்டும் நிற்கவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். என் விஷயத்தில் முக்கியமான இடது பிரதானக் குழாயில் எதுவும் இல்லை என்று உறுதி செய்ய ஒரு சி.டி. ஆஞ்சியோ எடுத்தார். அது சுத்தம். பக்கக்குழாய் ஒன்றில்தான் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு.

சொந்தக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். "அடைப்புன்னு தெரிஞ்சப்புறம் ஸ்டென்ட் வைக்காம என்ன யோசனை?" என்றார் சித்தப்பா. டாக்டர் 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வைச் சொன்னார். 37 நாடுகள், 5,179 பேர், என்னைப்போல நிலையாக இருக்கும் நோயாளிகள். முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. வலி குறைவதில் மட்டும் முதல் கூட்டத்துக்கு நன்மை. இடது பிரதானக் குழாய் அடைப்பு, இதயம் பலவீனம், புதிதாக மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் தாலியமும் இல்லை, யோசனையும் இல்லை, 108-தான். நான் மருந்தைத் தேர்ந்தெடுத்தேன். வலி அடங்காவிட்டால் ஸ்டென்ட் எங்கேயும் ஓடிப்போகாது. சித்தப்பாவுக்கு இன்றுவரை திருப்தியில்லை.

ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, பர்ஸில் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர நாலு மாதம் பிடித்தது. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன், முதலில் ஒரு சுற்று, இப்போது நாலு. கடைசியாகத் தாடைக் கனம் வந்து இரண்டு மாதமாகிறது. காபி மூன்றிலிருந்து இரண்டு டம்ளர், அதற்கு மேல் டாக்டரும் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

போன கிருத்திகைக்குப் பேரனோடு சுவாமிமலை போனோம். சார்வரியில் நிற்கவில்லை. பராபவ வந்ததும் பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். மகள் திரும்பிப் பார்த்து முகம் மாறினாள். "ஒண்ணுமில்லடி, இது என் படி" என்றேன்.